கூறை மாற்றும் நேரம்

மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்யத் தொடங்கிய காலத்தில் என் கை மிகவும் மெதுவாக ஓடும். பவுடரைப் பூசுவேன், தள்ளி நின்று பார்ப்பேன், திருப்தியில்லாமல் துடைத்துவிட்டு மறுபடி பூசுவேன். ஒரு மணப்பெண் என் எதிரில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். பெண்ணுக்கு வெள்ளைச் சேலை கட்டி, தலையில் வலைத்துணி வைத்து, மாதா கோயிலுக்கு அனுப்பிவிட்டால் என் வேலை முடிந்தது. தாமதமானால் சாமியார் கொஞ்சம் முறைப்பார், அவ்வளவுதான்.

ஆனால் பினாங்கில் எங்கள் ஆட்கள் எத்தனை வீடு? அவர்களை மட்டும் நம்பி இதை என் தொழில் என்று சொல்லிக்கொள்ள முடியாது. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த என் அண்ணன் அதைத்தான் ஓயாமல் சொல்லிக் காட்டுவார். குயின் தெருவில் இருந்த ஓர் இந்து வீட்டிலிருந்து முதன்முதலாக என்னைக் கூப்பிட்டபோது அவர் கெடு வைத்துவிட்டார்.

"இது ஒன்னு செஞ்சு பாரு. சரியா வரலன்னா பேசாம தையல் மிஷின்ல உக்காந்துரு லா."

எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்குச் சோறு போடவில்லை. அம்மாதான் போட்டார்.

எங்கள் வீட்டில் யாரும் பொட்டு வைப்பதில்லை. ஈர்க்குச்சியில் சாந்தைத் தொட்டு நெற்றியில் வட்டமாக வைப்பது எனக்குப் புதிது. அதனால் அவித்த முட்டைகளின் மேல் வைத்துப் பழகினேன். நெற்றியைப் போல அதுவும் வளைவுதானே. அடுப்படியில் வரிசையாக இருந்த முட்டைகளைப் பார்த்துவிட்டு அண்ணன், "நம்ம வீட்டு முட்டையெல்லாம் சுமங்கலி ஆயிருச்சா?" என்றார். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். நான் விடவில்லை.

கல்யாணப் பெண் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்துக் கிராணியின் மகள். கல்யாணம் டவுனில் அவளுடைய சித்தி வீட்டில். என்னைக் கூப்பிட்டதும் அந்தச் சித்திதான். விடியும் முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன். பாசாரில் வாங்கிய பெடாக், அதாவது மலாய்ப் பெண்கள் பூசும் அரிசி மாவு உருண்டை, அதைப் பன்னீரில் கரைத்துப் பூசி, உலரவிட்டு, மேலே பவுடர் போட்டேன். கண்ணுக்குத் தடிமனாக மை இட்டேன். பொட்டு ஓரளவு வட்டமாகவே வந்தது. கடைசியாக ஊசி நூலை எடுத்து, சேலையின் தோள் மடிப்பையும் கொசுவத்தையும் ரவிக்கையோடும் பாவாடையோடும் நெருக்கமாகத் தைத்தேன். மாதா கோயிலில் முழந்தாளிட்டு எழும்போது மடிப்பு கலையாமல் இருக்க நான் வழக்கமாகச் செய்வது அது. பெண் பந்தலுக்குப் போனாள். சபாஷ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுக் காப்பி குடிக்க உட்கார்ந்தேன்.

காப்பி பாதிகூட இறங்கவில்லை. பெண் திரும்பி வந்தாள். கையில் தாம்பாளம், தாம்பாளத்தில் சிவப்புக் கூறைச் சேலை. ஓமப் புகையில் கண்ணீர் வழிந்து மை கன்னம் வரை இறங்கியிருந்தது. வியர்வையில் பொட்டும் கரைந்திருந்தது.

"கூறை கட்டி விடுங்கம்மா. ஐயர் அவசரப்படுறாரு. நல்ல நேரம் முடியப் போவுது" என்றார் சித்தி.

நான் விழித்தேன். இந்துக் கல்யாணங்களுக்கு நானும் போயிருக்கிறேன். ஆனால் தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ப் பந்தியில் உட்காருவதோடு சரி. நடுவில் பெண் எழுந்து வந்து சேலை மாற்றுவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்கோ அது யாருக்கும் சொல்ல வேண்டாத விஷயம்.

சித்தி முந்தானையை இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை.

"அடக் கடவுளே! பொண்ண அரிசி மூட்டையாட்டம் தச்சில்ல வச்சிருக்கீங்க!"

அந்தப் பெண்ணின் தாலி என் நூலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. என் பிழைப்பும் அதிலேதான். கத்தரிக்கோலோ கட்டிய பெட்டிக்குள். பெட்டியின் முடிச்சை இழுத்தேன், அவிழவில்லை. அப்போது கல்யாணப் பெண் தன்னைக் கண்ணாடியில் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள்.

"பரவால்லக்கா. பிச்சு எடுங்க. நான் நிக்கிறேன்."

பற்களால் நூலைக் கடித்து அறுத்தேன். சித்தி கொசுவத்தைப் பிரித்தார். "முகத்த நீயே தொடச்சுக்கம்மா, நான் சேலையப் பாக்குறேன்" என்று ஈரத்துணியைப் பெண்ணிடம் கொடுத்தேன். இத்தனை நாள் எதையும் யார் கையிலும் விட்டதில்லை நான். வெளியிலிருந்து "லெக்காஸ், லெக்காஸ்" என்று யாரோ விரட்டிக்கொண்டிருந்தார்கள். கூறையை நான்கு இடத்தில் மட்டும் ஊக்கு குத்திக் கட்டினேன். மையைத் தொடவே இல்லை. மறுபடி புகைக்குத்தானே போகிறாள்? தள்ளி நின்று பார்க்கவும் இல்லை. ஈர்க்குச்சியைச் சாந்தில் தொட்டு ஒரே மூச்சில் பொட்டு வைத்தேன். பயப்படுவதற்கு நேரமில்லை; வட்டம் பிசகாமல் விழுந்தது.

அவள் போய் உட்கார்ந்தாள். கெட்டிமேளம் கொட்டியது. பெண்களுக்குப் பின்னால் எட்டி நின்று பார்த்தேன். காலையில் அவ்வளவு நேரம் செதுக்கிய முகத்தைவிட இந்த முகம் எனக்குப் பிடித்திருந்தது. அதில் அவள் தெரிந்தாள்.

பந்தியில் சித்தியே எனக்குப் பரிமாறினார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்து இலையிலிருந்த அம்மாள், "கூறை மாத்திக்கிட்டு இவ்வளவு சுருக்கா வந்த பொண்ண நான் பாத்ததே இல்ல. எம் மவளுக்கும் ஆள் தேடிக்கிட்டிருக்கேன். இவங்க இந்த வேலைக்குப் புதுசா?" என்று அவரிடம் கேட்டார்.

சித்தி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் இலையில் இன்னொரு வடையை வைத்தார்.

"சேச்சே, ரொம்ப நாளா செய்றாங்க. பழகின கை லா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தை அடக்கத் தெரியாமல் வடையைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். விழுங்கியதும் அந்த அம்மாள் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுல கல்யாணம் எப்பங்க? முகூர்த்தம் எத்தன மணிக்கு?" என்று கேட்டேன்.