கடைமடையின் காலிக் கட்டங்கள்

ஒரு எண்ணை இன்னொரு எண்ணால் வகுப்பதுதான் எங்கள் பிழைப்பு. அதற்கு வாங்குகிற வசவை எதால் வகுப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. சர்வே கணக்கோடு மல்லுக்கட்டும் சக பாவிகளே, உங்களுக்குப் புரியும். பெருநகர் என்கிற ஊர்ப் பக்கத்தில் ஒரு ஏரி. ஏக்கருக்கு இத்தனை மூட்டை நெல் என்கிற விகிதம் மேல்மடையைவிடக் கடைமடையில் குறைவா என்று நான் சோதிக்க வேண்டும். குறைவு என்று நிரூபணமானால்தான் கடைமடைக் கால்வாயைத் தூர்வாருவார்கள்.

காணி

முதல் ஓட்டத்தில் கடைமடையில்தான் விளைச்சல் அதிகம் என்றது சாஃப்ட்வேர். எனக்கு வந்ததே கோபம். தண்ணீரே எட்டாத இடத்தில் எப்படி ஐயா விளையும்? உத்திரமேரூரிலிருந்து கணக்கெடுக்கப் போன சலீமைப் பிடித்தேன். கடைமடைக்காரர்கள் நிலத்தைக் காணியில் சொல்லியிருக்கிறார்கள். காணி ஏக்கரைவிடப் பெரிசு. இவன் ஏக்கர் கட்டத்தில் அப்படியே போட்டு நிலத்தைச் சுருக்கிவிட்டான். எல்லா வீட்டுக்கும் மறுபடி போ என்றேன்.

"நாஷ்டா துண்ணுட்டுப் போறேன்ணா, நெலம் எங்க ஓடிடப் போவுது?"

அஞ்சு சென்ட்

ஆளாளுக்கு விகிதம் போட்டு, அதற்குச் சராசரி எடுக்கச் சொன்னார் எங்கள் மேலதிகாரி அம்மா. கடைமடையில் ஒருவர் சொந்த போர்வெல் தண்ணீரில் அஞ்சு சென்ட்டில் ரெண்டு மூட்டை எடுத்திருந்தார். அம்மா சொல்கிற சராசரியில் மூன்று ஏக்கர்காரருக்கு இருக்கிற அதே பலம் இவருக்கும் வந்துவிடும். மொத்த மூட்டையை மொத்த நிலத்தால் வகுப்பதுதான் சரி என்று ஒரே பிடியாக நின்றேன்.

"சரி, உங்க பிடிவாதத்தை ஆஃப் பண்ண எந்த சாஃப்ட்வேர்லயும் பட்டன் இல்ல."

காலிக் கட்டம்

இப்போது விளைச்சல் குறைவு என்று வந்தது. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்று சோதனை கைவிரித்தது. விடுவேனா? கடைமடையின் மொத்த நிலம் இடித்தது, ரொம்பக் குறைவு. தேடினால், சிலருக்கு மூட்டைக் கட்டம் காலி. காலியாக இருந்தால் சாஃப்ட்வேர் அந்த ஆளை நிலத்தோடு சேர்த்துத் தள்ளிவிடும். "விளையவே இல்லன்னாங்க, அதான் வுட்டுட்டேன்" என்றான் சலீம்.

அவனையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தக் காலிக் கட்டங்களில் ஒன்று மரகதத்துடையது. கூலி வேலைக்குப் போய்க்கொண்டே குத்தகைக்கு நட்டவர். விட்டுப்போனதைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் காய்ந்த வயலைக் காட்டினார்.

"காஞ்சிப் போச்சின்னா நான் நட்டதே இல்லன்னு ஆயிடுமா சார்?"

அப்படி நட்டும் விளையாத எல்லாருக்கும் காலிக் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். இந்த முறை சோதனை மறுக்கவில்லை. கால்வாயில் மண் அள்ளும் இயந்திரம் இறங்கிய அன்று மரகதம் கரையில் நின்றிருந்தார்.

"ஒண்ணும் விளையாத என் நெலந்தான் சார் இத்த இட்டாந்துது."

ஒன்றுமில்லை என்று எழுதுவதற்கும் ஒன்றும் எழுதாமல் விடுவதற்கும் நடுவில் ஒரு கால்வாயே ஓடுகிறது என்பதுதான் இந்த உத்தியோகத்தில் நான் கண்ட ஒரே லாபம்.