கம்ப்யூட்டரின் நெற்றி

எங்கள் அலுவலகத்தில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை ஏலத்தில் எடுத்தேன், கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்த மகளுக்காக. பாளையங்கோட்டையில் பழுது பார்ப்பவர் ஒருவர் தகரப் பெட்டியை மட்டும் விட்டுவிட்டு, உள்ளே போர்டு, மெமரி, ஹார்ட் டிஸ்க் என்று எல்லாவற்றையும் மாற்றினார்.

"உடம்பு பழசு அண்ணாச்சி, உசுரு புதுசு. தூசி மட்டும் ஆகாது" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை என் நிம்மதியைக் கெடுத்தது. தையற்காரரிடம் அளவு கொடுத்து உறை தைத்தேன். அறைக்குள் செருப்பு கூடாது, மின்விசிறி கூடாது, ஜன்னலைத் திறக்கவே கூடாது. பங்குனி வெயிலில் மகள் வியர்வையில் நனைந்தபடி ப்ராஜெக்ட் செய்தாள். சமையல் புகையும் வரக்கூடாது என்று மனைவியிடம் சொன்னேன்.

"தாளிக்கையில அது தும்மிச்சுன்னா சொல்லுங்க, அடுப்ப அணைக்கேன்" என்றாள்.

காலையில் கம்ப்யூட்டரை முதலில் போடும் உரிமை என்னுடையது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குத் திருநீறு பூசி, கண்ணில் விழாமலிருக்க மெல்ல ஊதிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். தினமும் அதற்கும் அப்படியே செய்தேன். நெற்றி என்று நான் கருதியது, பிளாப்பி நுழைக்கும் வாய்க்கு நேர் மேலே இருந்த இடம்.

கல்லூரியில் ப்ராஜெக்டை பிளாப்பியில்தான் கேட்டார்கள். ஒப்படைப்பதற்கு முந்தின நாள் காலை மகள் அதில் ஏற்ற உட்கார்ந்தாள். கறகறவென்று சத்தம் வந்தது.

"மூணாவது பிளாப்பியும் போச்சுப்பா. நாளைக்குக் குடுக்கலைன்னா ஒரு வருசம் போயிரும்."

அவள் அழவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது. ஜன்னலைத் திறந்தது யார் என்று உடனே விசாரணையைத் தொடங்கினேன்.

பெட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு இருவரும் பாளையங்கோட்டைக்குப் போனோம். பழுது பார்ப்பவர் திருப்புளியால் திறந்து, பிளாப்பி டிரைவைக் கழற்றிக் கவிழ்த்தார். மேசையில் வெள்ளையாகக் கொட்டியது.

"வீட்டுப் பக்கத்துல மாவு மில்லு இருக்கா அண்ணாச்சி?"

"இல்லையே."

விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். மகளும் பார்த்தாள்.

"ரோட்டுத் தூசியா இருக்கும்" என்றேன்.

"ரோட்டுத் தூசி இம்புட்டு மணக்காதே அண்ணாச்சி."

வேறு டிரைவ் மாட்டினார். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ப்ராஜெக்ட் முழுதாக பிளாப்பியில் ஏறியது. நான்தான் இன்றும் மிக்சி கறகறத்தால் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்துகிறேன்.

மறுநாள் கல்லூரிக்குக் கிளம்பும்போது மகள் வழக்கம்போல் நெற்றியைக் காட்டி நின்றாள். பூசினேன். ஊத வாயைக் குவித்தேன்.

"பொறுங்க" என்றவள், கையிலிருந்த பிளாப்பியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"இப்ப ஊதுங்கப்பா. பைய."