ஸ்லாதர்டன் டவுனின் இருநூற்றுப் பதினான்கு ரசிகர்கள்

ஸ்லாதர்டன் டவுன் கால்பந்துச் சங்கத்தின் கௌரவச் செயலாளர் நெவில் டாட்டர்சால் வாரந்தோறும் இருநூற்றுப் பதினான்கு ரசிகர்களைப் பராமரித்து வந்தார். அவர்களில் நூற்று ஐம்பத்து மூன்று பேர் இந்த உலகத்தில் எங்கும் இல்லை. மீதி அறுபத்தொரு பேர் இருந்தார்கள், மழை இல்லாவிட்டால்.

கௌரவச் செயலாளர் என்றால் சம்பளம் இல்லாத செயலாளர். பேருந்துப் பணிமனையில் முப்பத்தொன்பது ஆண்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் நெவில். சனிக்கிழமை மதியம் சுழற்கதவருகே உட்கார்ந்து ஐந்து பவுண்டு வாங்கிக்கொண்டு ஆளை உள்ளே விடுவார். ஆட்டம் தொடங்கியதும் ஓடிப்போய் ஒலிபெருக்கியைப் பிடிப்பார். இடைவேளையில் பரிசுச்சீட்டு விற்பார். முதல் பரிசு ஒரு பன்றித் தொடை. அதைக் கசாப்புக் கடைக்காரர் போன வருஷமே கொடுப்பதை நிறுத்திவிட்டதால், இப்போது முதல் பரிசு பிஸ்கட் டப்பா.

சங்கத்தின் செல்வச் செழிப்பைச் சொல்லி மாளாது. நான்கு விளக்குக் கம்பங்களில் மூன்று எரியும். வலதுபுற மூலையில் யாராவது கோல் போட்டால் கூட்டம் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். வெந்நீர் ஒரு அணிக்குத்தான் போதும். விருந்தாளிகளை முதலில் குளிக்கவிடுவது சங்கத்தின் நாகரிகம். மைதானத்தைச் சுற்றி விளம்பரப் பலகை வைக்க இருபத்து நான்கு இடங்கள் உண்டு. ஒன்றில் மட்டும் பலகை இருந்தது. அது ஊரின் சவ அடக்க நிறுவனத்துடையது. அதன் உரிமையாளர் தம் நாயோடு வந்து, ஆட்டத்தைவிட, எதிர்ப்பக்கம் நின்று இருமும் கிழவர்களையே கவனமாகப் பார்ப்பார்.

இதெல்லாம் நெவிலை வருத்தியதாகச் சொல்ல முடியாது. அவரை வருத்தியது மலைக்கு அந்தப் பக்கம், நான்கு மைல் தள்ளி இருந்தது. அதன் பெயர் மெல்பெக் யுனைடெட். அதன் செயலாளர் கிளைவ் ஹார்கிரீவ்ஸ், பணிமனையில் நெவிலுக்குப் பக்கத்து மேஜைக்காரராக இருந்தவர்.

பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, உள்ளூர்ப் பத்திரிகையில் ஆட்ட முடிவுகளுக்குப் பக்கத்தில் வழக்கம்போல் கூட்டத்தின் எண்ணிக்கை அச்சாகியிருந்தது. ஸ்லாதர்டன் எழுபத்து மூன்று, மெல்பெக் எண்பத்தெட்டு. கிளைவ் பத்திரிகையை மடித்து நெவிலின் தேநீர்க் கோப்பைக்கு அடியில் வைத்தார்.

"கப்பு ஆடுது, கீழ வச்சுக்கோ," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த வாரம் நெவில் பத்திரிகைக்குத் தொலைபேசியில் சொன்ன எண்ணிக்கை தொண்ணூறு. அதற்கடுத்த வாரம் மெல்பெக்கில் நூற்று நான்கு பேர் கூடினார்கள். இப்படி ஏறி ஏறி, சங்கத்தின் உண்மையான கூட்டம் எழுபத்து மூன்றிலிருந்து அறுபத்தொன்றாக மெலிந்துகொண்டிருந்த அதே காலத்தில், பத்திரிகைக் கூட்டம் இருநூற்றுப் பதினான்காகக் கொழுத்துவிட்டது. மெல்பெக் இருநூற்று முப்பத்தெட்டில் நின்றது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. தம் எண்ணிக்கை பொய் என்று நெவிலுக்குத் தெரியும். அதைப் பெற்று வளர்த்தவரே அவர்தான். ஆனால் கிளைவின் எண்ணிக்கையை அவர் எழுத்துக்கு எழுத்து நம்பினார். மெல்பெக்கின் அந்த இருநூற்று முப்பத்தெட்டுப் பேரும் அவர் கனவில் வந்து போனார்கள். தொப்பி போட்டு, கழுத்துத் துணி சுற்றி, கைநிறையச் சிப்ஸ் வாங்கித் தின்றுகொண்டு. அவர்கள் குடிக்கும் தேநீருக்கு எவ்வளவு வரும், பரிசுச்சீட்டுக்கு எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பார். வயிறு எரியும். மருத்துவர் அதை அமிலம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்.

இந்த நிலையில் ஜனவரி மாதம் நகர்மன்றத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மைதானம் நகர்மன்றத்தின் சொத்து. சராசரியாக எழுபத்தைந்து பேருக்குக் குறைவாகக் கூட்டம் வரும் சங்கங்களுக்கு வருஷ வாடகை நானூறு பவுண்டு. அதற்கு மேல் போனால் நாலாயிரத்து இருநூறு. பத்திரிகையைப் பார்த்ததில் ஸ்லாதர்டன் டவுன் அமோகமாக வளர்ந்திருப்பது மகிழ்ச்சி அளிப்பதாகவும், திரு. பில்லிங் என்ற அதிகாரி வரும் சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்பார் என்றும் எழுதியிருந்தது.

சங்கத் தலைவி ஐரீன் கிளெக் கடிதத்தைத் தேநீர்க் கொட்டகையில் நின்றபடி படித்தார். எழுபது வயது. வீரர்களின் சட்டைகளைத் தம் வீட்டு இயந்திரத்தில் துவைத்து, பின்கட்டில் காயப்போடுபவரும் அவர்தான்.

"நாலாயிரத்து இருநூறா. நம்மகிட்ட எவ்வளவுப்பா இருக்கு?"

"முந்நூத்திப் பத்து. அதுல கரண்டு பில்லு கட்டணும்."

"அப்ப மைதானம் போச்சு. மைதானம் போனா சங்கம் போச்சு. ஏம்ப்பா நெவில், இந்த எரநூத்திப் பதினாலு பேர் யாரு? நான் போடுறது அம்பது டீ. மத்தவனெல்லாம் வெரதமா?"

நெவில் பரிசுச்சீட்டுக்கான பிஸ்கட் டப்பாவின் மூடியைச் சரிசெய்தார்.

"சரி, விடு. அந்த ஆளு வரட்டும். அறுபத்தொரு பேரைக் கண்ணால பாத்துட்டுப் போகட்டும். நீ மட்டும் வாயைத் தொறக்காத, போதும்."

எளிமையான திட்டம். அதைக் கெடுக்க மழை பெய்தது.

ஸ்லாதர்டன் மைதானம் மேட்டில் இருக்கிறது. காற்றில் கோல் கம்பமே சாயும், தண்ணீர் மட்டும் நிற்காது. மெல்பெக் மைதானம் ஓடைக்கரையில். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு நடுவர் வந்து பார்த்தபோது அங்கே ஒரு வாத்து நடுக்கோட்டைக் கடந்துகொண்டிருந்தது. ஆட்டம் ரத்து.

சுழற்கதவில் ஒரு எண்காட்டி உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சொடுக்கு. இரண்டே முக்கால் மணிக்கு அது அறுபத்தொன்றைக் காட்டியது. கோட்டும் குடையுமாகத் திரு. பில்லிங் ஏற்கெனவே உள்ளே போய், குறிப்பேட்டைத் திறந்து வைத்திருந்தார். ஐரீன் கொட்டகையிலிருந்து நெவிலைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார்.

அப்போதுதான் தெருமுனையில் இரண்டு பேருந்துகள் திரும்பின. முதல் பேருந்தின் படியில் கிளைவ் ஹார்கிரீவ்ஸ் நின்றார்.

"என்ன நெவிலு, எடம் இருக்கா? எங்க மைதானம் கடலாயிடுச்சு. சனிக்கிழம மத்தியானம் இதுங்கள வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? ஒருத்தன் விடாம ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். குளிர் ஜொரத்துல கெடந்த ஆர்னால்டைக்கூடக் கம்பளியோட தூக்கிட்டு வந்துட்டோம்."

மெல்பெக்கின் மொத்தக் கூட்டம். பதினொரு வருஷமாகக் கனவில் வந்தவர்கள் ஈரத் தொப்பியோடு வரிசையில் நின்று, ஆளுக்கு ஐந்து பவுண்டு கொடுத்தார்கள். சொடுக்கு, சொடுக்கு, சொடுக்கு. தமக்கு வருவது பயமா சந்தோஷமா என்று நெவிலுக்கே தெரியவில்லை. தொண்ணூறு. நூறு. நூற்று இருபது. கடைசியாக, கம்பளி சுற்றிய ஆர்னால்டு.

எண்காட்டி நூற்று நாற்பதில் நின்றது.

நெவில் தலையை வெளியே நீட்டித் தெருவைப் பார்த்தார். தெரு காலி.

"மத்தவங்க?" என்றார்.

"எந்த மத்தவங்க?"

"எரநூத்தி முப்பத்தெட்டு பேருல மத்தவங்க."

கிளைவ் குடையை உதறினார். அதற்கு நெடுநேரம் ஆயிற்று. "பின்னாடி வருவாங்க," என்றார்.

முப்பத்தொன்பது வருஷம் கூட்டல் கழித்தல் செய்த மூளை. தானாகவே வேலை செய்தது. நூற்று நாற்பதில் அறுபத்தொன்று போனால் எழுபத்தொன்பது. அவ்வளவுதான் மெல்பெக். இந்த எழுபத்தொன்பது பேருக்காகவா பதினொரு வருஷம் மாத்திரை தின்றோம் என்று நெவிலுக்கு உடம்பெல்லாம் லேசாயிற்று. ஒலிபெருக்கி அறைக்கு நடக்கவில்லை, மிதந்தார்.

பாதி வழியில் கால் தரைக்கு வந்துவிட்டது. எழுபத்தொன்பது அறுபத்தொன்றைவிடப் பதினெட்டு அதிகம். முன்னால் வயிறு எரிந்தது பொய்க் கணக்கைப் பார்த்து. இது கண்ணெதிரே ஈரத் தொப்பி போட்டு நிற்கும் உண்மையான பதினெட்டுப் பேர். அதிலும் ஒருவன் காய்ச்சலோடு வந்திருக்கிறான். ஸ்லாதர்டனுக்காக எவனாவது காய்ச்சலோடு வந்ததுண்டா? இதற்கு மாத்திரை கிடையாது.

எழுபதாவது நிமிடத்தில், வழக்கப்படி, கூட்டத்தின் எண்ணிக்கையை அறிவிக்க வேண்டும். நெவில் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தபோது திரு. பில்லிங் அறை வாசலில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால், கையில் தேநீரும் முகத்தில் புன்னகையுமாக, கிளைவ்.

"மிஸ்டர் டாட்டர்சால், நான் எண்ணுனதுல சுமார் நூத்தி நாப்பது வருது. இது வழக்கமா வர்ற கூட்டம்தானா?"

ஒரு வாக்கியம் போதும். இல்லை சார், பாதிக்கு மேல் இவர் ஆட்கள், எங்களுக்கு வருவது அறுபத்தொன்று. சொன்னால் மைதானம் பிழைக்கும். நெவில் வாயைத் திறந்தார். சொல்லப்போனால் முதல் எழுத்துகூட உதட்டுக்கு வந்துவிட்டது. கிளைவ் தேநீரை உறிஞ்சாமல், கோப்பையை உதட்டருகே வைத்தபடியே காத்திருந்தார்.

"இன்னிக்குக் கொஞ்சம் கம்மி சார்," என்றார் நெவில். "மழை பாருங்க."

பிறகு ஒலிபெருக்கியில், இன்றைய கூட்டம் இருநூற்றுப் பதினான்கு என்றும், வந்திருந்து ஆதரித்த அனைவருக்கும் நன்றி என்றும் அறிவித்தார். எதிர்ப்பக்கத்துக் கிழவர்கள் திரும்பி ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டார்கள். தேநீர்க் கொட்டகையில் ஏதோ விழுந்து உடைந்தது.

எட்டாம் நாள் நாலாயிரத்து இருநூறு பவுண்டுக்கான கடிதம் வந்தது. ஒரே ஒரு சலுகை. வட்டாரத்திலுள்ள எல்லாச் சங்கங்களும் தங்கள் உண்மையான சராசரியைச் செயலாளர் கையெழுத்துடன் பதினான்கு நாளுக்குள் எழுதித் தரலாம். அவை நகர்மன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். ஆட்சேபம் வராவிட்டால் அதன்படி வாடகை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐரீன் நெவிலைத் தேநீர்க் கொட்டகையில் உட்காரவைத்து, முன்னால் தாளை வைத்தார்.

"எழுது. அன்னிக்கு வந்தது மெல்பெக் கூட்டம்னு எழுது. பத்திரிகையில வந்தது அச்சுப்பிழைன்னு எழுது."

"பதினோரு வருஷமாவா?"

"பெரிய பிழைன்னு எழுது. கீழ சராசரி அறுபத்தியொண்ணு. போடு கையெழுத்த."

"ஐரீன், பலகையில ஒட்டுவாங்க. கிளைவ் படிப்பான்."

"படிக்கட்டும். அவன் படிச்சா உனக்கு என்ன கொறஞ்சு போகுது?"

"பதினெட்டு பேரு," என்றார் நெவில்.

ஐரீன் பேனாவை அவர் கையில் திணித்தார். பிறகு, "நெவிலு, எம் புருசன் போட்ட கோல் அந்த வலையிலதான் இருக்கு. மைதானத்த வித்துக் கட்டடம் கட்டிட்டானுங்கன்னா நான் சனிக்கிழம மத்தியானம் எங்க போவேன்?" என்று சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

நெவில் தனியாக உட்கார்ந்திருந்தார். எண்பது என்று எழுதினால் மெல்பெக்கை ஒரு தலையால் வெல்லலாம்; மைதானம் போகும். அறுபத்தொன்று என்று எழுதினால் மைதானம் இருக்கும். கிளைவ் பலகைக்கு முன்னால் நின்று சிரிப்பான். பேனா மூடியைக் கடித்துக் கடித்து அதன் வாலே போய்விட்டது. கடைசியில் அவருக்கு வாடகைப் பட்டியலின் வாசகம் நினைவுக்கு வந்தது: எழுபத்தைந்துக்குக் குறைவாக. எழுபத்து நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சட்டம் அனுமதிக்கும் அளவுக்குப் பொய். அதற்கு மேல் ஒரு தலை கிடையாது.

யாரும் ஆட்சேபிக்கவில்லை. வாடகை நானூறிலேயே நின்றது. ஐரீன் அதைக் கேட்டு, கொட்டகையில் எல்லாருக்கும் இலவசமாகத் தேநீர் ஊற்றினார். ஐம்பது கோப்பைதான் ஆயிற்று.

நெவில் மறுநாளே பேருந்து ஏறி நகர்மன்றத்துக்குப் போனார், பலகையைப் பார்க்க. மெல்பெக்குக்கு எழுபத்தொன்பது என்று இருக்கும், தம் சங்கம் ஐந்து பேர் பின்தங்கி இருக்கும், அதையும் ஒரு தடவை பார்த்துத் தொலைத்துவிடுவோம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் போனார்.

மெல்பெக் யுனைடெட், எழுபத்து நான்கு.

அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பக்கத்தில் யாரோ செருமினார்கள். கிளைவ்.

"எழுவத்தி நாலா நெவிலு? அந்த சவக்கடைக்காரர் நாயையும் சேத்தா?"

"நீ மட்டும் என்ன. அன்னிக்கு உங்க ஆளுங்க எழுவத்தொம்பது. நான்தான சொடுக்குனேன்."

"ஆமா," என்றார் கிளைவ், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "எழுவத்தொம்பதுதான். வாடகைக்கு ஒத்து வரல. அஞ்சு பேர எடுத்துட்டேன்."

அவர் போன பிறகும் நெவில் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேருந்துகளைத் தவறவிட்டார். மாலையில் அவரைத் தேடிக்கொண்டு அங்கே வந்த ஐரீன், இன்னும் என்ன வருத்தம், ரெண்டு பேரும் சமம்தானே என்று கேட்டார்.

"சமமா?" என்றார் நெவில். "நான் பதிமூணு பேரைக் கஷ்டப்பட்டுச் சேத்தேன். அவன் அஞ்சு பேர வேண்டாம்னு கழிச்சு விட்டுருக்கான். கழிச்சு விடுற அளவுக்கு அவன்கிட்ட ஆளு இருக்கு, ஐரீன்."