காற்றுச் சட்டை

என் தம்பி சேகர் பெங்களூரில் குதிரையில் தடை தாண்டும் போட்டிகளுக்குப் போவான். ரமணாசிரமம் பக்கம் நான் சமைத்துவந்த வீட்டு ஜெர்மன் அம்மா, அவனுக்காகத் தன் ஊரிலிருந்து இரண்டு பாதுகாப்புச் சட்டைகள் கொண்டுவந்து தந்தார். ஒன்று தடித்த பஞ்சு வைத்தது. மற்றது காற்றுச் சட்டை. அதன் கயிற்றைச் சேணத்தில் மாட்டிவிட்டால், விழும்போது கயிறு இழுபட்டு, உள்ளேயிருக்கும் கேஸ் குப்பி திறந்து சட்டை உப்பிக்கொள்ளும். ஒருமுறை உப்பினால் குப்பியை மாற்ற வேண்டும் என்றார்.

எங்கள் வீட்டில் யாரும் இல்லாதபோது ஆசையில் போட்டுப் பார்த்துக் கயிற்றை இழுத்துவிட்டேன். பட்டென்று உப்பியது. பயந்துபோய்க் காற்றை அழுத்தி வெளியேற்றி, பழையபடி மடித்து வைத்தேன்.

மறுநாள் சேகர் இரண்டையும் தூக்கிப் பார்த்தான்.

"அக்கா, பஞ்சு வச்சது வெயிட் ஜாஸ்தி. காத்துச் சட்டையே போட்டுக்கட்டுமா?"

உண்மை வாய்வரை வந்தது. அந்த அம்மா என்ன நினைப்பாரோ என்று வெட்கம். இவன் எங்கே விழப்போகிறான் என்றும் நினைத்தேன்.

"உன் இஷ்டம்டா" என்றேன்.

போட்டியில் குதிரை இடறியது. சட்டை உப்பவில்லை. முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்வே போய்விட்டது.

ஜெர்மன் அம்மா கீழ்பென்னாத்தூரில் எங்கள் வீட்டுக்கே வந்து, அவன் கையைப் பிடித்து அழுதார். "கெட்டுப்போனதைக் குடுத்துட்டேன். மன்னிச்சிடு."

"விடுங்கம்மா. நல்லதுக்குத்தான குடுத்தீங்க" என்றான் சேகர்.

காபி டம்ளரோடு நின்றிருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

அவனைப் புரட்டிப் படுக்கவைக்கும்போதெல்லாம், "என்னால உனக்குத்தான் கஷ்டம்க்கா" என்கிறான். முன்பின் தெரியாத உங்களிடம் சொல்ல முடிந்தது. அவனிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை; இனியும் வராது என்றே தோன்றுகிறது.