முக்கால் அக்கா இறங்கிய சரிவு

மதியம் மணி ஒன்றானதும் முக்கால் அக்கா இடது காலைக் கழற்றி மேஜைமேல் சாய்த்து வைப்பார். அதற்குப் பிறகுதான் சாப்பாட்டு டப்பா திறக்கும். கழற்றுவது முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியை. வெளிறிய பிளாஸ்டிக் கிண்ணம், அதற்கடியில் ஓர் உலோகக் குழாய், முனையில் ரப்பர் பாதம், அதில் வலது காலின் ஷூவுக்கு ஜோடி. கிண்ணத்துக்குள் அணியும் கம்பளி உறைகள் நாற்காலிக் கைப்பிடியில் காயும். காலையில் ஓர் உறை போதும். மதியத்துக்குள் மிச்சக்கால் கொஞ்சம் வற்றி, கிண்ணம் லொடலொடக்கும், அப்போது இரண்டு. சாயங்காலம் மூன்று. "எனக்கு வாட்ச் எதுக்கு? எத்தன சாக்ஸ்னு கேளுங்க, மணி சொல்றேன்" என்பார்.

பள்ளிப் பாடநூல்கள் அச்சாகும் இடம் அது. நான் பிழை திருத்துபவன். எதிர் மேஜையில் அவர் படம் வரைபவர். தவளையின் குடல், கப்பியும் கயிறும், எரிமலையின் குறுக்குவெட்டு. "இருபது வருஷமா ஒரே தவளையோட வயித்தக் கிழிச்சிட்டிருக்கேன். அது ஒரு வார்த்தை கேட்டதில்ல."

முக்கால் என்பது அவர் கணவர் வைத்த பெயர். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் முக்கால் என்று எண்ணிச் சொன்னாராம். பின்னால் ஊன்றுகோல் வந்ததும், அதையும் சேர்த்தால் மூன்று கால், எப்படிப் பார்த்தாலும் பெயர் சரிதான் என்று இவரே ஒரு விளக்கமும் சேர்த்துக்கொண்டார். அவர் போகும் மலையேறும் குழுவில் இருக்கும் சின்னப் பெண்கள் முதல் எங்கள் மேலாளர் வரை எல்லாருக்கும் அவர் முக்கால் அக்காதான்.

பத்தொன்பது வயதில், பின்னால் வந்த லாரி ஒன்றின் சக்கரத்தில் கால் போயிற்று. அதைப் பற்றி அவர் இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார். அடுத்து நடந்ததைத்தான் விரிவாகச் சொல்வார். மருத்துவமனையின் பின்கட்டில் செயற்கைக் கால் செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த இளைஞர் அச்சு எடுத்து, கிண்ணம் வார்த்து, மாட்டிவிட்டு, நடக்கச் சொன்னார். இவர் வராந்தாவில் நடந்தார். அது போதாது என்றார் அவர். சமதரையில் எந்தக் காலும் நடக்கும், மேட்டிலும் பள்ளத்திலும் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கவேண்டும் என்று சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே இருந்த குன்றுக்கு அழைத்துப் போனார். இறங்கும்போது கணுக்கால் விறைப்பாக இருந்தது. திருகாணியைத் திருத்தி, அடுத்த ஞாயிறும் அழைத்தார். அதற்கடுத்த ஞாயிறும். "அந்தத் திருகாணி சரியாகவே இல்ல. சரியாகிடக் கூடாதுன்னு ரெண்டு பேருமே பாத்துக்கிட்டோம்." மூன்று வருடம் கழித்துக் கல்யாணம்.

குன்று மலையாயிற்று. ஏறும்போது கணவர் இவருக்குப் பின்னால் வருவார், இறங்கும்போது முன்னால். விழுந்தால் தன்மேல் விழட்டும் என்ற ஏற்பாடு. மேலே போனதும் இவர் பலகையைத் தொடையில் வைத்து எதிர்மலையை வரைவார். வீட்டுக்கு வந்து அதை மரக்கட்டையில் செதுக்குவார். மரத்தில் செதுக்கினால் அச்சில் எல்லாம் இடம்வலமாகத் திரும்பிவிடும். ஆகவே மலையை மனத்துக்குள் திருப்பிப் போட்டுத்தான் உளி பிடிக்கவேண்டும். அவர் வீட்டு முன்னறையில் பதினேழு மலைகள் தொங்குகின்றன. ஒன்றில்கூட மனிதர் கிடையாது. கேட்டால், "மலை அசையாம உக்காந்து போஸ் குடுக்கும். மனுஷங்களுக்குப் பொறுமை ஏது?" என்று சிரிப்பார்.

பதினெட்டாவது மலையைப் பற்றி, அச்சகத்தில் மின்சாரம் போய் எல்லாரும் சும்மா இருந்த ஒரு பிற்பகலில் சொன்னார். நான் கேட்கவில்லை. தாமாகத்தான் சொன்னார்.

ஆறு வருடத்துக்கு முன்னால், இருவர் மட்டும் போன ஏற்றம். உச்சிக்குக் கீழே ஒரு தட்டையான இடத்தில் கணவர் உட்கார்ந்தார். மூச்சு வாங்குகிறது என்றார். பிறகு படுத்துக்கொண்டார். முகம் வியர்த்து, உதடு வெளுத்துப்போயிருந்தது. செல்போனில் சிக்னல் கிடைக்கவில்லை. கீழே வனக்காவலர் குடிசை ஒன்று இருந்தது. அங்கே வயர்லெஸ் உண்டு. நல்ல கால் உள்ளவர்கள் நாற்பது நிமிடத்தில் இறங்கிவிடும் தூரம். இவர் பையை அவர் தலைக்கு வைத்து, மேல்சட்டையைப் போர்த்திவிட்டு எழுந்தார். அப்போது அவர் கண்ணைத் திறந்து, "மெதுவா போ. அவசரப்படாத" என்றார்.

வழியில் சரளைக்கல் சரிவு. கால் வைத்த இடமெல்லாம் கல் உருண்டது. இரண்டு முறை விழுந்ததும் இவர் செயற்கைக் காலைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினார். உள்ளங்கை இரண்டும் கிழிந்தன. குடிசையை அடைய இரண்டு மணி நேரம் இருபது நிமிடம் ஆயிற்று. காவலர்கள் மேலே ஓடினார்கள். அவர்கள் போனபோது உடம்பு குளிர்ந்திருந்தது.

இவர் கிளம்பிய பத்து நிமிடத்துக்குள் உயிர் போயிருக்கும், இறக்கை கட்டிப் பறந்திருந்தாலும் பலனில்லை என்று மருத்துவர் சொன்னார். "டாக்டர் நல்ல மனுஷன். என் மனசு ஆறணும்னு சொல்லியிருப்பாரு" என்றார் அக்கா. பிறகு, மேஜைமேல் இருந்த ரப்பர் துணுக்குகளை விரலால் ஒதுக்கிக்கொண்டே, "எறங்கும்போதெல்லாம் அவரு சொல்ற வார்த்தைதான் அது. அன்னிக்கும் பழக்கத்துல சொன்னாரா, இல்ல தெரிஞ்சே சொன்னாரா? நான் அவரு சொன்னபடி மெதுவா வந்தேனா, முடியாம மெதுவா வந்தேனா? இதத்தான் யாரும் எனக்குச் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார். மின்விசிறி சுழல ஆரம்பித்தது. தவளைக்குத் திரும்பிவிட்டார்.

அவருக்கு ஒரே மகள். அப்போது இருபது வயது. வந்தவர்கள் எல்லாரும் கிளம்பி வீடு காலியான அன்று அவள் சமையலறை வாசலில் நின்று, "உனக்குப் பதிலா வேற யாராவது கூட இருந்திருந்தா அப்பா பொழச்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன மறுநொடியே வாயைப் பொத்திக்கொண்டாளாம். அக்கா கோபித்திருந்தால் மன்னிப்புக் கேட்க வழி பிறந்திருக்கும். அக்காவோ, "ஆமா" என்று சொல்லிவிட்டு அரிசி களைந்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று. மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் போன் வரும். "வீட்லதானே இருக்க?" என்பாள். இருக்கிறேன் என்பார் இவர், பல நேரங்களில் ஏதாவது ஒரு மலையடிவாரத்தில் நின்றுகொண்டு.

ஏனென்றால் ஒரு வருடம் முடங்கிக் கிடந்துவிட்டு மறுபடி ஏறத் தொடங்கியிருந்தார். அந்த மலையை மட்டும் தொடவில்லை. காலையும் மாற்றவில்லை. கணவர் கடைசியாகச் செய்த கால் அது. ஆறு வருடத்தில் மிச்சக்கால் மெலிந்துவிட்டது. கிண்ணம் அளவு தப்பி, எலும்பு முனையில் புண் வந்தது. ஆறியது, திரும்ப வந்தது. வேறு கால் செய்துகொள்ளச் சொல்லி நானும் கேட்டுப் பார்த்தேன். "இது அவரு கையால அளவெடுத்தது. அளவு மாறினது நான்தானே, கால் இல்லையே" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

இந்த வருடம் மருத்துவர் கண்டிப்பாகப் பேசிவிட்டார். புண் எலும்பைத் தொடப்போகிறது. மலையும் கூடாது, இந்தக் காலும் கூடாது. மீறினால் முழங்காலுக்கு மேலே எடுக்கவேண்டிவரும். அக்கா ஒரு மாதம் அவகாசம் கேட்டார். புண் காய்ந்திருக்கும் நாளாகப் பார்த்து ஒரே ஒரு மலை, அதோடு சரி என்று அவரிடம் மன்றாடினார். அந்தச் சனிக்கிழமை மகள் வழக்கம்போலக் கேட்டபோது முதல்முறையாக உண்மையைச் சொன்னார். எந்த மலை என்பதையும் சொன்னார். மகள், "நானும் வரேன்" என்றாள்.

வரைபலகையைச் சுமக்க நானும் போனேன். மகள் புதிதாக வாங்கிய ஷூவில் எங்களுக்கு முன்னால், தனியாக நடந்தாள். தாயும் மகளும் தண்ணீர் வேணுமா, வேண்டாம் என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. வழக்கமான ஏற்றப் பாதை சுற்றிப் போவது. சரளைச் சரிவு குடிசைக்குப் போகும் குறுக்கு வழி என்பதால், ஏறும்போது அது கண்ணில் படாது. அக்கா இரண்டு இடங்களில் உட்கார்ந்து உறை மாற்றினார். இரண்டாவது முறை உறையில் சிவப்பாக ஒரு காசளவு ஈரம் இருந்தது. அவர் அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டதை நான் பார்த்தேன்; மகளும் பார்த்துவிட்டாள்.

தட்டையான இடத்துக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அங்கே அடையாளம் எதுவும் இல்லை. அக்கா ஒரு கணம் நின்று, தரையைப் பார்த்து, "இங்கதான்" என்றார். மகள் தலையசைத்தாள். அப்பா படுத்திருந்த இடத்தைப் பார்க்காமல் விளிம்புக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். ஓட்டுக்கூரையைப்போல ஒரே சரிவு. பிடிக்க ஒரு செடி இல்லை. வெகு கீழே, தீப்பெட்டி அளவில் குடிசை.

மகள் ஓர் அடி எடுத்துவைத்தாள். கல் உருண்டது. உருண்ட சத்தம் ஓயும்வரை அங்கேயே நின்றாள். தன் இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டாள். பிறகு அவற்றை ஒவ்வொன்றாகப் பின்னுக்கு எடுத்துவந்தாள்.

"இதுலயா எறங்குன?"

"வேற வழி இல்லையே."

"தனியா."

அது கேள்வியாக வரவில்லை. அக்கா உச்சிக்கு முதுகைக் காட்டி, விளிம்பருகே சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்து, என்னிடம் பலகையைக் கேட்டு வாங்கினார். தாளைப் பொருத்தி, மேலேயிருந்து குடிசைவரை முதல் கோட்டை இழுத்தார். காற்று தாளின் கீழ்முனையைத் தூக்கித் தூக்கி அடித்தது. ஒரு கையால் பலகையையும் மறு கையால் பென்சிலையும் பிடித்திருந்த அவரால் அதை அடக்க முடியவில்லை.

மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, தாளின் அந்த முனையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள்.