தோழர் அருளப்பன் ஒரு வாட்டிதான் கேட்பார்

போதும். இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

தோழர் அருளப்பன் இன்று காலை போர்ட் பிளேரில், மகள் வீட்டில் இறந்துவிட்டார். தொண்ணூறைத் தாண்டிய உடம்பு.

காலையிலிருந்து இந்த குரூப்பில் மாலை போட்ட போட்டோக்கள்... “மாபெரும் தலைவர்”, “கட்சாலின் தந்தை”. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்ததே இல்லை. நான் அவருக்கு அடுத்த லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவன்.

அவருக்குச் சேர வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் காலத்து இலங்கையில், தேயிலைத் தோட்டத்தில், துரையின் முகத்துக்கு நேரே சோஷலிசம் பேசி ஜெயிலுக்குப் போனவர். பிறகு தேர்தலில் நின்று ஜெயித்தார். அதற்கும் பிறகு கண்டியில் இந்தியாவின் தூதரக அதிகாரி... கோட்டு, கார், கொடி.

தோட்டத் தமிழர்களான எங்களை இந்தியாவுக்கு அனுப்பும் ஒப்பந்தம் வந்தபோது, லயம் லயமாக வந்து ஃபாரம் நிரப்பச் சொன்னவரும் அவர்தான். என் அப்பா அவர் பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டார். திருச்சிப் பக்கம் போகிறோம் என்று நினைத்துப் போட்டார். கிடைத்தது கடலுக்கு நடுவே இந்தக் கட்சால் தீவு. ரப்பர் மரமும் அட்டைக்கடியும்.

ஆனால் ஒன்று. அனுப்பிவைத்தவர் அதே கப்பலில் ஏறினார். உத்தியோகத்தை விட்டுவிட்டு எங்களோடு ரப்பர் பால் வெட்ட வந்தார். வேறெந்த தூதர் அப்படிச் செய்தார், சொல்லுங்கள்.

கட்சாலிலும் அவர் தூதர்தான்... ரப்பர் ஆபீசுக்கும் எங்களுக்கும் நடுவில். தமிழ் வாத்தியார் வேண்டும் என்று ஆபீசரிடம் ஒரு வாட்டி கேட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு மேசை முன்னால் நின்றார். பதில் வரவில்லை. அப்படியே நின்றார்.

“ஐயா, இன்னொருக்கா கேளுங்களேன்” என்று அப்பா முணுமுணுத்தார்.

“ஒரு கேள்விய ஒரு வாட்டிதான் கேக்கணும், மாரிமுத்து. ரெண்டாவது வாட்டி கேட்டா அது பிச்சை.”

வாத்தியார் அடுத்த கப்பலிலேயே வந்தார். இன்று நான் எழுதும் இந்தத் தமிழ் அந்த வாத்தியார் கொடுத்தது. மறுக்கவில்லை.

தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் மேடை ஏறுவார். இந்தி தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியாது.

எழுபதுகளின் கடைசி. எனக்கு மெட்ராஸில் இன்ஜினியரிங் காலேஜ் இன்டர்வியூ. கட்சாலிலிருந்து போர்ட் பிளேருக்கு ஒரு கப்பல், அங்கிருந்து மெயின்லேண்டுக்கு இன்னொன்று. முதல் கப்பலை விட்டால் இரண்டாவதும் போச்சு.

கப்பல் எப்போது என்று விசாரிக்க அவரே ஆபீசுக்குப் போனார். வயர்லெஸ் பார்க்கும் கிளார்க் தலையைத் தூக்காமல் ஒரே வார்த்தை சொன்னான். “கல்.”

அவர் திரும்பக் கேட்கவில்லை. “தம்பி, கப்பல் நாளைக்கு. பொட்டியக் கட்டு.”

மறுநாள் விடிந்ததிலிருந்து பெட்டியோடு கரையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா, அம்மா, தோழர், லயத்தில் பாதிப் பேர்... எல்லோரும் வழியனுப்ப வந்திருந்தார்கள். சாயங்காலம் அந்தப் பக்கம் வந்த கிளார்க் எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனான். “அரே பாய், ஜஹாஸ் தோ சலா கயா.”

கப்பல் போய்விட்டது. எங்கள் பக்கம் கடல் கொந்தளிப்பு என்று தீவின் மறுமுனையில் நின்று, தோழர் விசாரிக்கப் போனதற்கு முந்தின நாளே போய்விட்டது. இந்தியில் நேற்றும் ‘கல்’தான், நாளையும் ‘கல்’தான்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன்.

“நேத்துக்கும் நாளைக்கும் ஒரே சொல்ல வச்சிருக்கானுங்களே, அவனுங்க தப்பு தம்பி இது” என்றார். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் அப்பாவும் சிரித்தார்.

சீட் போனது. தபாலில் பி.ஏ., பிறகு எம்.ஏ. போர்ட் பிளேரில் ஒரு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்துவிட்டது. இந்தி எனக்கு இப்போது தண்ணீர் மாதிரி வரும்.

சில வருஷம் முன்னால் இங்கே போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் அவரைப் பார்த்தேன். வாட்ச் ரிப்பேர் கடை வாசலில் நின்றிருந்தார். எப்போது கிடைக்கும் என்று கேட்டார். “கல்” என்றான் கடைக்காரன்.

“ஆனே வாலா கல்?” வரப்போகிற கல்தானே என்கிறார்.

“ஹான் பாபா.”

மறுபடியும் கேட்டார். “பக்கா? ஆனே வாலா?” நேற்று எப்படித் தர முடியும் பாபா என்று கடைக்காரன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. தலையாட்டிவிட்டு நகர்ந்தார்.

இரண்டு கடை தள்ளித்தான் நின்றிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கடைக்காரனிடம் இரண்டு வாட்டி கேட்டார், சரி... என்னிடம் வந்து ஒரு வாட்டியாவது சொல்லியிருக்க வேண்டும்.

போய் வாருங்கள், தோழர். உங்களைப் போல இன்னொரு ஆள் இந்தத் தீவுகளுக்கு வரவில்லை. இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அட்மின், என் பெயர் போட வேண்டாம். போட்டால் அவர் மகள் போன் செய்து, அப்பா சார்பில் மன்னிப்புக் கேட்பாள். நல்ல பெண், நிச்சயம் கேட்பாள். அது அவர் தர வேண்டியது. வேறு யார் கையிலிருந்தும் வாங்க மாட்டேன்.