பணி நிரந்தரம்

ஓசூரில் குடிவந்த நாளிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: எந்தக் கம்பெனி, எந்த ஷிப்ட்? முனைவர் பட்டத்துக்குப் பிறகான ஆய்வு என்று சொல்லிச் சொல்லி எனக்கு எரிச்சலே வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் விடவில்லை. தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து, வண்டி உதிரிபாகக் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நிற்பவர். தொழிற்சங்கங்களின் பழைய நோட்டீஸ்களைக் கணினியில் ஏற்றி, ‘பணி நிரந்தரம்’ என்பது எங்கெங்கே, எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்று தேடுகிறேன் என்றேன்.

“அப்ப நீங்க பர்மனென்ட்டா?”

“இல்லக்கா. வருசா வருசம் நீட்டிப்பாங்க.”

“அட, நீயும் காண்ட்ராக்ட்டுதானா!” அன்றோடு ‘நீங்க’ போய் ‘வாடி’ வந்தது.

இந்த வருடம் எனக்கு நீட்டிப்பு வரவில்லை. காண்ட்ராக்ட் ஆட்களைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பதை இங்கே பிரேக் என்பார்கள். அக்கா அதையே சொல்லித் தேற்றினார்.

“பிரேக்குதான்டி, கூப்பிடுவாங்க. ஆமா, அந்த நோட்டீஸ்ல கேட்டவங்க யாராச்சும் பர்மனென்ட் ஆனாங்களா?”

“ஆனவங்க எதுக்குக்கா நோட்டீஸ் அடிக்கப்போறாங்க? என் கம்ப்யூட்டர்ல கேக்கறவங்க மட்டுந்தான் இருக்காங்க.”

அக்கா சிரிக்கவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: “எங்க லைன்ல ஆள் எடுக்கறாங்க. சூப்பர்வைசர்கிட்ட சொல்லட்டுமா?”

இவ்வளவு படித்தவளிடம் கேட்கிற கேள்வியா என்று கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“எந்த ஷிப்ட்டுக்கா?” என்றேன்.